சோவியத் போஸ்டரும் என் அம்மாவும்



மலருக்குக் கட்டுரை கேட்டுப் பேரவைச் செயலாளர் அண்ணன் ஹாஸ்டல் அறைக்கே வந்துவிட்டார். "எனக்கு எழுதவெல்லாம் வராதுண்ணே. வேணும்னா டூர் பத்தி எழுதித் தர்றேன்" என்றேன். "டூர் பத்தி ஏற்கெனவே நாலு பேர் குடுத்துட்டாங்க. நீ லைப்ரரியில ஏதோ ரஷ்யப் படப் புத்தகத்தை வச்சுக்கிட்டு மெஸ் மணி அடிச்சாக்கூட எழுந்திரிக்க மாட்டேங்கிறியாமே, அதை எழுது" என்றார். ஆகவே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் அவரைக் கேளுங்கள்!

நம் நூலகத்தில் யாரும் அதிகம் போகாத கடைசி அலமாரி ஒன்று உண்டு. ஒரு காலத்தில் மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் என்ற பெயர்களில் தமிழிலும் ஆங்கிலத்திலும் புத்தகங்கள் கப்பலேறி வந்தன. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடைகளில் ஏழை மாணவர்களும் வாங்கக்கூடிய விலையில் கிடைத்தன. 1991-இல் சோவியத் யூனியன் கலைந்ததோடு அந்த வரத்தும் நின்றது. மிச்சம் மீதி அந்த அலமாரியில் தூசியோடு இருக்கிறது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் அரியர்ஸுக்காக மீர் புத்தகம் ஒன்றைத் தேடிப் போன இடத்தில், அதன் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு பெரிய படப் புத்தகம் இருந்தது. சோவியத் போஸ்டர்கள், 1917-இலிருந்து. அரியர்ஸ் என்ன ஆனது என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

முதலில் கண்ணில் பட்ட படம் இது. ஒரு கிராமத்து ஆள். கண்ணைத் துணியால் கட்டியிருக்கிறது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டித் துழாவிக்கொண்டு நடக்கிறான். அவன் நிற்பது மலை விளிம்பு. ஒரு கால் ஏற்கெனவே வெளியே போய்விட்டது. அடுத்த அடி பாதாளம்தான். 1920-இல் அலெக்ஸேய் ரதகோவ் என்பவர் வரைந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவன் குருடனுக்குச் சமம், எங்கு போனாலும் அவனுக்குத் தோல்வியும் துன்பமும்தான் என்பது அதில் எழுதியிருந்த வாசகத்தின் பொருள்.

அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடுகிற முதல் ஆள் நான். அப்பா, அம்மா, தாத்தா, அப்பாயி எல்லோரும் கட்டைவிரல்தான்.

ஏன் இப்படி ஒரு போஸ்டர் என்று படித்துப் பார்த்தேன். 1897-இல் ரஷ்யப் பேரரசில் எடுத்த கணக்கின்படி 9 வயது முதல் 49 வயது வரை உள்ளவர்களில் எழுத்தறிந்தவர்கள் 28.4 சதவீதம். பெண்களை மட்டும் எடுத்தால் 16.6 தான். புரட்சி வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1919 டிசம்பர் 26-ஆம் தேதி லெனின் ஒரு ஆணையில் கையெழுத்திட்டார். 8 முதல் 50 வயது வரை எழுதப் படிக்கத் தெரியாத எல்லோரும் கட்டாயம் கற்றே ஆக வேண்டும். நம்மூரில் "படிச்சா நல்லதுப்பா" என்று சொல்வது போல அல்ல, உத்தரவு!

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். படிக்கத் தெரியாதவனைப் படிக்கச் சொல்லும் போஸ்டரில் எழுத்து எதற்கு? அவன் எப்படிப் படிப்பான்?

அவனுக்குப் படம், பக்கத்தில் நிற்கும் படித்தவனுக்கு எழுத்து என்பதுதான் பதில். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் வேலையில் முக்கால் பங்கு படத்தின் தலையில்தான். எழுத்தை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் விஷயம் விளங்க வேண்டும். ரதகோவின் படத்தை நான் அப்படி மறைத்துப் பார்த்தேன், விளங்குகிறது.

இந்தப் பாஷையை அந்த ஓவியர்கள் ஆகாயத்திலிருந்து கொண்டுவரவில்லை. ரஷ்யக் குடியானவன் வீட்டில் ஒரு மூலையில் சாமி படம் இருக்கும். அந்த மூலைக்குப் பெயரே சிவப்பு மூலை. ரஷ்ய மொழியில் சிவப்பு என்ற சொல்லும் அழகு என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. அந்தச் சாமி படங்களில் பெரியவர் பெரிதாக இருப்பார், சிறியவர் சிறிதாக இருப்பார். தூரம் பக்கம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. இதையே எடுத்துத் தொழிலாளியை மலை போலவும் முதலாளியைச் சுண்டெலி போலவும் வரைந்தார்கள். சந்தைகளில் விற்ற மரக்கட்டை அச்சுப் படங்கள் இன்னொரு ஊற்று. ஆக, பார்ப்பவனுக்கு ஏற்கெனவே படிக்கத் தெரிந்த படத்தைத்தான் புது விஷயத்துக்குத் திருப்பினார்கள். நம் டிராயிங் சார் முதல் ஆண்டில் சொல்வாரே, "பார்க்கிறவனுக்குப் புரியலேன்னா அது டிராயிங் இல்லடா, கிறுக்கல்" என்று. அதுதான்.

நிறம் குறைவாக இருப்பதற்கு இன்னொரு காரணம் பஞ்சம்தான். போர்க்காலத்தில் காகிதமும் மையும் தட்டுப்பாடு. டிமித்ரி மோர் 1920-இல் செய்த புகழ்பெற்ற போஸ்டரில் சிவப்பும் கறுப்பும் மட்டுமே. முழுச் சிவப்பில் ஒரு செம்படை வீரன், பின்னால் புகைபோக்கிகள். அவன் நேராக உங்களைப் பார்த்து விரலை நீட்டி, தொண்டராகப் பெயர் கொடுத்துவிட்டாயா என்று கேட்கிறான். ஒரே இரவில் வரைந்தார் என்பார்கள். விரல் நீட்டும் யோசனை புதிதல்ல. 1914-இல் இங்கிலாந்தில் கிட்ச்னர் பிரபுவும் 1917-இல் அமெரிக்காவில் அங்கிள் சாமும் இதே விரலை நீட்டியவர்கள்தான். மூன்று அரசுகள், மூன்று கொள்கைகள், ஆனால் விரல் ஒன்று! எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்த விரல் நம்மையே காட்டும். ஹாஸ்டலில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்த்தோம். அறை நண்பன், "டேய் மூடுடா, வார்டன் மாதிரியே பாக்குறான்" என்றான்.

எல் லிஸிட்ஸ்கி என்பவருடைய 1919-ஆம் ஆண்டுப் போஸ்டரில் மனிதரே இல்லை. ஒரு வெள்ளை வட்டம், அதைக் குத்திக் கிழித்து நுழையும் ஒரு சிவப்பு முக்கோணம். வெள்ளைப் படையைச் செம்படை பிளக்கிறதாம். லிஸிட்ஸ்கி ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் கட்டடக் கலை படித்தவர், அதாவது ஒரு வகையில் நம்ம ஆள். எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்தது. ஆனால் மூட்டை தூக்கும் ஒரு ஆள் அதைப் பார்த்து உடனே எழுந்து போருக்குப் போயிருப்பான் என்று என்னால் நம்ப முடியவில்லை. அது படித்தவர்கள் ரசிக்கிற படம். செக்‌ஷனல் வியூவை ரசிக்க நாம் எத்தனை மாதம் கஷ்டப்பட்டோம்!

இதற்கு நேர் எதிர், ரோஸ்டா ஜன்னல்கள். ரோஸ்டா என்பது அவர்களுடைய தந்திச் செய்தி நிறுவனம். 1919 இலையுதிர்காலத்தில் மாஸ்கோவில் கடைகள் எல்லாம் சரக்கில்லாமல் காலியாகக் கிடந்தன. அந்தக் காலிக் கடைகளின் கண்ணாடி ஜன்னலில் செய்தியைப் படமாக வரைந்து மாட்டலாம் என்று மிகயில் செரெம்னிக் என்ற ஓவியர் தொடங்கினார். கவிஞர் மாயாகோவ்ஸ்கி வந்து சேர்ந்துகொண்டார். வாசகங்களில் பெரும்பகுதி அவருடையது, படமும் வரைந்தார். தந்தி வரும், சில மணி நேரத்தில் அது கட்டம் கட்டமாகப் படக்கதையாகிவிடும். அச்சகம் கிடையாது. அட்டையில் ஸ்டென்சில் வெட்டி, கையால் சாயம் பூசி நூற்றுக்கணக்கில் படி எடுத்து மற்ற ஊர்களுக்கு அனுப்பினார்கள். ராத்திரி வேலை ஓயாது. அயர்ந்து தூங்கிவிடக் கூடாது என்று தலையணைக்குப் பதில் விறகுக் கட்டையை வைத்துப் படுப்பேன் என்று மாயாகோவ்ஸ்கியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். செமஸ்டர் நேரத்தில் நாமும் முயற்சி செய்யலாம். 1930-இல், 36 வயதில், அவர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்துபோனார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஸ்டென்சில் என்றதும் எனக்கு அப்பா நினைவுதான் வந்தது. அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். கூடவே சாக்கில் மார்க் அடிக்கிற வேலையும் அவருக்குத்தான். தகரத் தகட்டில் எழுத்து வெட்டியிருக்கும். அதைச் சாக்கின் மேல் வைத்து, துணிப்பந்தைச் சாயத்தில் தோய்த்து ஒற்றி எடுக்க வேண்டும். வட்டம் வருகிற எழுத்துக்கு நடுவில் சின்னதாக ஒட்டு விட்டு வெட்டுவார்கள். விடாவிட்டால் உள்வட்டம் கழன்று விழுந்துவிடும். ரோஸ்டா படங்களிலும் அதே ஒட்டு, அதே இடைவெளி. மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு அது மில் சாக்கு மாதிரியே இருந்தது.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் அப்பா தகட்டைப் புரட்டிப் போட்டு அறுபது சாக்குக்கு மார்க் அடித்துவிட்டார். அறுபதிலும் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாக நின்றது. அடித்தவருக்கு அது தெரியவில்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்து யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் தகட்டின் வலது மேல் மூலையில் ஆணியால் ஓட்டை போட்டு ஒரு சிவப்புக் கயிறு கட்டினார். கயிறு மேலே, சோத்துக்கைப் பக்கம் இருந்தால் தகடு சரி. அதற்குப் பிறகு ஒரு சாக்குகூடத் தப்பவில்லை. படிக்கத் தெரியாதவருக்கு ஒரு சிவப்பு அடையாளம்! ரோஸ்டாக்காரர்கள் செய்த வேலையை எங்கப்பா ஆணியை வைத்தே செய்துவிட்டார் என்று எனக்கு இப்போது பெருமை. அப்போது இல்லை. அப்போது வெட்கமாக இருந்தது.

இனி, நான் இந்தக் கட்டுரை எழுதக் காரணமான படம்.

1923. வரைந்தவர் எலிசவேத்தா க்ருக்லிகோவா, பெண் ஓவியர், அப்போது அறுபதை நெருங்குகிற வயது. மேசையில் புத்தகத்தோடு ஒரு சிறுமி. பக்கத்தில் அவள் அம்மா. பெண்ணே, எழுதப் படிக்கக் கற்றுக்கொள் என்று ஒரு வாசகம். அதோடு சிறுமி பேசுவதாக இன்னொன்று: ஐயோ அம்மா, உனக்கு எழுத்துத் தெரிந்திருந்தால் எனக்கு உதவியிருப்பாயே!

நண்பர்களே, இதே வசனத்தை நான் பேசியிருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு முடிந்த லீவில் திருப்பூரில் மாமா வீட்டில் தங்கி பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தேன். மெக்கானிக்கல் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தேன். இன்டர்வியூ தேதி போட்டு வீட்டுக்குத் தபால் வந்திருக்கிறது. அம்மா அதைப் பத்திரமாக மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். நான் ஊருக்கு வந்து பிரித்துப் பார்த்தபோது தேதி முடிந்து இரண்டு நாள். கத்தினேன். "ரெண்டு எழுத்து தெரிஞ்சிருந்தா நான் மெக்கானிக்கல் சேர்ந்திருப்பேன். உன்னாலதான் எல்லாம் போச்சு!" அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் வெளியே வந்திருந்த விறகை உள்ளே தள்ளிவிட்டார். பிறகு காலி இடம் இருந்தது என்று சிவிலில் சேர்ந்தேன். சிவில் எனக்கு இப்போது பிடித்திருக்கிறது, அது வேறு கதை. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே.

நூறு வருஷத்துக்கு முன்னால் ரஷ்யாவில் ஒரு சிறுமியின் வாயில் இதே சொல்லை வைத்து, அச்சடித்து, சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். ஊரில் உள்ள தாய்மாரையெல்லாம் பிள்ளையின் வாயால் குத்திக்காட்டலாமா? குத்தினால்தான் எழுந்து வருவார்கள் என்று நினைத்தார்களா? அந்தப் போஸ்டரைப் பார்த்து எத்தனை அம்மாக்கள் பள்ளிக்குப் போனார்கள், எத்தனை பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள் என்று யாரும் கணக்கு எடுத்திருக்க முடியாது. மொத்தக் கணக்கு மட்டும் இருக்கிறது. 1926-இல் ஆண்கள் 71.5 சதவீதம், பெண்கள் 42.7. 1939-இல் ஆண்கள் 93.5, பெண்கள் 81.6. பதின்மூன்று வருஷத்தில் பெண்கள் கணக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. இது சின்ன விஷயம் இல்லை.

(இந்த எண்களைக் கொடுத்ததும் அதே அரசுதான் என்பதை மறக்கக் கூடாது. 1937-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்துவிட்டது என்று அதை ஒளித்து வைத்து, கணக்கெடுத்த அதிகாரிகளைக் கைது செய்தவர்கள் அவர்கள். இன்னொன்று, உஸ்பெக் மக்கள் அரபு எழுத்தில் எழுதி வந்தார்கள். 1920-களின் இறுதியில் அதை லத்தீன் எழுத்தாக மாற்றினார்கள். 1940 வாக்கில் ரஷ்ய எழுத்தாக மாற்றினார்கள். கஷ்டப்பட்டுக் கற்றவன் இரண்டு தடவை மறுபடியும் கைநாட்டு!)

மறுநாள் திரும்பவும் போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். 1930-களின் பக்கங்கள் வேறு மாதிரி. படம் வரைவது குறைந்து, புகைப்படத்தை வெட்டி ஒட்டுவது வந்துவிட்டது. அதில் பெரிய கை குஸ்தாவ் க்ளுட்சிஸ். லாத்வியாக்காரர், புரட்சிக் காலத்தில் துப்பாக்கி தூக்கிய வீரர். மகத்தான வேலைத் திட்டத்தை நிறைவேற்றுவோம் என்ற 1930-ஆம் ஆண்டுப் போஸ்டரில் ஒரு பெரிய உள்ளங்கை, அதற்குள் ஏராளமான சின்னக் கைகள். பெரிய கை அவருடைய சொந்தக் கைதான், தன் கையைத் தானே படம் பிடித்திருக்கிறார். பார்த்தால் மேலெல்லாம் சிலிர்க்கிறது. உண்மையாகவே நல்ல போஸ்டர்.

1931 மார்ச்சில் கட்சியின் மத்தியக் குழு ஒரு தீர்மானம் போட்டது. போஸ்டர் வேலை முழுவதும் இசோகிஸ் என்ற ஒரே அரசுப் பதிப்பகத்தின் கண்காணிப்புக்கு வந்தது. அதற்குப் பிறகு ஸ்டாலின் படம் வளர்ந்துகொண்டே போகிறது, பக்கத்தில் நிற்கிறவர்கள் சிறுத்துக்கொண்டே போகிறார்கள். பழைய சாமி படக் கணக்கு மறுபடியும் வந்துவிட்டது. நமது திட்டத்தின் உண்மை என்பது உயிருள்ள மனிதர்களே என்ற ஸ்டாலின் வாசகத்தைப் போட்டு, சுரங்கத் தொழிலாளரோடு அவர் நடந்து வருவது போல 1931-இல் போஸ்டர் செய்தவரும் க்ளுட்சிஸ்தான். 1938 ஜனவரியில் அவரைக் கைது செய்தார்கள். பிப்ரவரி 26 அன்று மாஸ்கோவுக்கு வெளியே சுட்டுக் கொன்றார்கள். அவர் மனைவி வலெந்தினா குலகினாவும் போஸ்டர் ஓவியர்தான். கணவர் சுடப்பட்ட விஷயம் அவருக்குப் பல வருஷம் தெரிவிக்கப்படவில்லை.

இன்னொரு ஜோடியைச் சொல்கிறேன், இது என்னைத் தூங்கவிடவில்லை. 1921-இல் வோல்கா பக்கம் பெரும் பஞ்சம். ஏறத்தாழ 50 லட்சம் பேர் செத்தார்கள். விரல் நீட்டிய அதே மோர் அப்போது ஒரு போஸ்டர் செய்தார். கறுப்புப் பின்னணி. எலும்பும் தோலுமாக ஒரு கிழவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கத்துகிறார். ஓரத்தில் ஒடிந்த தானியக் கதிர். ஒரே ஒரு சொல்: உதவி செய். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

1932, 1933-இல் மறுபடியும் பஞ்சம். உக்ரைன், கஸக்ஸ்தான், வோல்கா என்று பல பத்து லட்சம் பேர் செத்தார்கள். இந்த முறை பஞ்சமே இல்லை என்றது அரசு. இல்லாத பஞ்சத்துக்குப் போஸ்டர் எப்படி வரும்? கூட்டுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டிச் சிரிக்கும் பெண்கள்தான் சுவரில் இருந்தார்கள். பணக்கார விவசாயியைத் தொப்பையும் திருட்டு முழியுமாக வரைந்து ஒழித்துக்கட்டச் சொன்னார்கள். 1930, 1931 இரண்டு வருஷத்தில் மட்டும் அப்படி முத்திரை குத்தி ஊரைவிட்டு நாடு கடத்தப்பட்டவர்கள் 18 லட்சம் பேர். அதில் ஒன்றிரண்டு மாடு கூடுதலாக வைத்திருந்தவர்களும் உண்டு. 1920-லேயே லெனின் உலக உருண்டை மேல் நின்றுகொண்டு விளக்குமாற்றால் ராஜாவையும் பாதிரியையும் முதலாளியையும் பெருக்கித் தள்ளுவதாகத் தேனியும் செரெம்னிக்கும் ஒரு வேடிக்கைப் படம் போட்டிருந்தார்கள். முதலில் பார்த்தபோது சிரித்தேன். இந்தக் கணக்கைப் படித்த பிறகு சிரிப்பு வரவில்லை. மனுஷனைக் குப்பை மாதிரி வரைந்து பழகிவிட்டார்கள்.

பொங்கல் லீவில் ஊருக்குப் போகும்போது நாலைந்து படங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. ராத்திரி சாப்பிட்டு முடிந்ததும் பாயில் பரப்பி வைத்தேன். "இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்" என்றேன். வாசகம் எதையும் சொல்லவில்லை.

மோர் வரைந்த கிழவரைப் பார்த்ததும் அம்மா, "சோத்துக்கு இல்லாதவன்" என்றார். ஒரு விநாடிகூட ஆகவில்லை. லிஸிட்ஸ்கி படத்தை அப்பா தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்கான், வண்டி நகராம" என்றார். அந்த மாபெரும் ஓவியர் என்னை மன்னிக்கட்டும்!

அடுத்து ஒரு கணக்குப் போஸ்டர். 1931-இல் யாகோவ் குமினர் செய்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை நாலே ஆண்டில் முடிக்க வேண்டும் என்று முழங்கிக்கொண்டிருந்த நேரம். பெரிது பெரிதாக எண்கள்: 2+2, அதோடு தொழிலாளரின் உற்சாகம் சேர்ந்தால் 5. அப்பாவுக்கு எழுத்து தெரியாதே தவிர எண் தெரியும். மூட்டைக் கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. பார்த்தவுடனே, "தப்பு. நாலுல்ல வரணும்" என்றார். நான் விளக்கினேன். தொழிலாளி சந்தோஷமா உழைச்சா நாலு செய்யுற எடத்துல அஞ்சு வரும்னு அர்த்தம்ப்பா என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "அது சரி தம்பி, அந்த அஞ்சாவது மூட்டைய யாரு முதுவுல ஏத்துனாங்க?" என்றார்.

நம் மெட்டீரியல்ஸ் சாரிடம்கூட இவ்வளவு நேராக ஒரு கேள்வி நான் கேட்டதில்லை. பதில் தெரியவில்லை. க்ருக்லிகோவா படத்தை எடுத்து வைத்தேன். கை கொஞ்சம் நடுங்கியது.

அம்மா குனிந்து வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "புள்ள படிக்குது. தாயி பக்கத்துல இருக்கா. புள்ளைக்கு என்னமோ வெளங்கல. தாய்க்கும் வெளங்கல." பிறகு, "கீழ என்ன எழுதியிருக்கு?" என்றார். பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். உண்மையைப் படித்துச் சொன்னேன். உனக்கு எழுத்து தெரிஞ்சிருந்தா எனக்கு ஒத்தாசை பண்ணியிருப்பியேன்னு கேக்குது என்றேன்.

"அவ அப்பன் எங்க?"

"படத்துல இல்லம்மா."

"அவனுக்கு மட்டும் தெரியுமாமா? அவனைக் கேக்கலியா அந்தப் புள்ள?"

நான் 71.5, 42.7 என்று சதவீதம் சொல்லத் தொடங்கினேன். அந்தக் காலத்துல அங்க பத்துல ஏழு ஆம்பளைக்குத் தெரியும், பொம்பளைங்கள்ல நாலு பேருக்குத்தான் தெரியும், அதனாலதான் என்று. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார், பீடி பிடிக்க. அம்மா படத்தைக் கீழே வைக்கவில்லை.

"அன்னைக்கு அந்தக் கடுதாசிய எடுத்துக்கிட்டு ரெண்டு வீட்டுப் படி ஏறுனேன்டா. படிச்சுச் சொல்லுங்கன்னு. ஒரு வீட்டுல நாளைக்கு வான்னாங்க. இன்னொரு வீட்டுல, உம் மவன் பேருக்குத்தான வந்திருக்கு, அவன் வந்து பிரிச்சுக்கட்டும், நீ வையின்னாங்க. சரின்னு கொண்டாந்து வச்சேன்."

இரண்டரை வருஷமாக அம்மா இதை என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. "அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றேன். "நீ கேக்குற நெலமையிலயா இருந்த?" என்றார் அம்மா.

அப்பா வந்து படுத்தார். மற்ற ஜெராக்ஸ்களை எடுத்துப் பையில் வைத்தேன். 2+2 படத்தை மட்டும் அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார், மில்லில் காட்ட வேண்டுமாம். அந்தச் சிறுமி படம் அம்மா கையிலேயே இருந்தது. லீவு முடிந்து கிளம்பும் காலையில் பார்த்தேன். மாரியம்மன் படத்துக்குப் பின்னால், தபால் வந்தால் செருகுகிற அதே இடத்தில், அதையும் நாலாக மடித்துச் செருகி வைத்திருந்தார்.